பூட்டை வைத்திருப்பவள்

திரையின் நடுவில் வந்து நின்ற பெட்டியில் அவள் பெயரே இருந்தது.

'கூரைப்பாறை. இந்தக் கோப்பை நர்மதா திறந்து வைத்திருக்கிறார். அவர் விடும்வரை காத்திருக்கவும்.'

நர்மதா அதை மறுபடியும் படித்தாள். அவள் திறந்து வைக்கவில்லை. திறக்கத்தான் காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தாள்.

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேலே இருந்தது அந்தக் கூடம். கீழேயிருந்து யூரியாவின் நெடியும் பூச்சிமருந்தின் நெடியும் படியேறி வந்து, மின்விசிறியின் அடியில் சுற்றிச் சுற்றி, மதியத்துக்குள் எல்லார் தலையிலும் ஒரு வலியாக உட்கார்ந்துவிடும். வரிசையாக மேசைகள், வரிசையாகத் தட்டும் விரல்கள். ஊர் ஊராகக் குடும்ப விவரம் ஏற்றும் ஒப்பந்த வேலை. ஓர் ஊருக்கு ஒரு கோப்பு. கோப்புகள் எல்லாம் கண்ணாடி அறைக்குள் இருக்கும் சர்வரில் இருந்தன. ஒரு கோப்பை ஒருவர் திறந்து எழுதினால் அதற்குப் பூட்டு விழுந்துவிடும். அவர் முடித்து விடும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் எல்லாக் கோப்புகளும் மேலிடத்துக்குப் போகின்றன. போகாத ஊர் விட்டுப்போன ஊர். விட்டுப்போன ஊரில் யாருக்கும் சாதிச் சான்று வராது. நர்மதாவின் தங்கை கண்ணகிக்குச் சேலத்தில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. சான்றோடு வா, இல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணகி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர்களுடைய ஊர்தான் கூரைப்பாறை.

ஜன்னலுக்கு வெளியே முழக்கம் கேட்டது. இடஒதுக்கீடு கேட்டு நாற்சந்தியில் மறியல். பல நாட்களாக இதுதான். ஒருநாள் பஸ் ஓடும், மறுநாள் ஓடாது.

நர்மதா கண்ணாடி அறைக்குப் போனாள். சிவசங்கர்தான் அங்கே பொறுப்பு. சர்வர், கேபிள், ஆட்களின் வருகை எல்லாமே அவர் கையில்.

"இன்னா நர்மதா, மூஞ்சி உர்ருன்னு இருக்குது?"

"சார், கூரைப்பாறை ஃபைலை நான் வெச்சிருக்கேன்னு காட்டுது. நான் வெக்கல சார்."

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நீதான் வெச்சிருக்க. மலை ஆபீஸ்ல இருந்தப்ப தெறந்த ஃபைலு. பந்த் அன்னிக்கு அவசர அவசரமா வண்டில ஏறி வந்தீங்களே, அப்படியே வுட்டுட்டு வந்திருக்க. அந்த மெஷின் இன்னும் புடிச்சிக்கினு இருக்குது."

"அங்க கரண்டே இல்லைங்க சார். மெஷின் செத்துக் கெடக்குது."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சர்வருக்கு எப்படித் தெரியும்? செத்தவன் எழுந்து வந்து, நான் செத்துட்டேன்னு சொன்னாத்தான் அது பூட்டை எடுக்கும். அதுவரைக்கும் அவன் பேர்லதான் கெடக்கும்."

"நீங்க இங்கருந்தே எடுத்து வுடக்கூடாதா?"

"எடுத்தா எல்லாப் பூட்டும் சேந்து போயிடும்மா. எலவனாசூர்கோட்டை, களமருதூர், சின்னசேலம் பக்கம்னு அத்தினி ஊரும் ஓடிக்கினு இருக்குது. பாதில அந்துச்சுன்னா யார் பதில் சொல்றது? உங்க ஒத்தை ஊருக்காகவா?" அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "இதுல இன்னொரு கூத்து. இங்க கீழ உனக்குக் குடுத்த மெஷின், அந்த மெஷினோட காப்பி. டிஸ்க்கை அப்படியே எறக்குனேன், பேரை மாத்தல. சர்வருக்கு ரெண்டும் நர்மதாதான். உன் பூட்டுக்கு நீயே காத்துக்கினு இருக்க, போ."

அருகில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நர்மதாவும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் சிரித்தது தெரிந்தது. இங்கே வந்ததிலிருந்து அவளுடைய வாய் அவளைக் கேட்காமலே இதைச் செய்கிறது. கடிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறது. கடிக்க வேண்டியதை எல்லாம் அவள் தூக்கத்தில் கடிக்கிறாள். காலையில் தாடை வலியோடு எழுவாள். "ராவெல்லாம் பல்லை நரநரன்னு கடிக்கிறக்கா. பக்கத்துல அரிசி மில்லு ஓடுற மாதிரி இருக்குது" என்பாள் கண்ணகி.

"சரிங்க சார், நான் கேட்டதையாவது கேன்சல் பண்ணிட்டு..."

"முடியாது. காத்துக்கினு இருக்கறது தூங்குது. எழுப்பவும் முடியாது, சாகடிக்கவும் முடியாது. கேட்டது கெடைச்சாத்தான் கண்ணு முழிக்கும்."

"அப்ப நானே மேல போயி அந்த மெஷினைப் போட்டு வுடறேன்."

"போட்டதும் அதுவே சொல்லிடும். நான் செத்துட்டேன், பூட்டை எடுத்துக்கோன்னு." சிவசங்கருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மலைக்காரிக்கு இன்னா, ஆடு மாதிரி ஏறிட மாட்டியா?"

அவள் மறுபடி சிரித்தாள். "வரேங்க சார்."

படியில் கண்ணகி எழுந்து நின்றாள். "ஏறிடுச்சாக்கா?"

"ஏறிடும். மேல போயிட்டு வரேன். நீ இங்கயே இரு. என் மெஷினை யாரும் அமத்தாம பாத்துக்க."

"உன் கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்குது?"

"யூரியா" என்றாள் நர்மதா.

பச்சமுத்து மரவள்ளி ஏற்ற மலைக்குப் போகும் வண்டிக்காரர். காலி வண்டியில் முன்பக்கம் இடம் கொடுத்தார். நாற்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். கொடியும் வியர்வையுமாக ஒரு கூட்டம். ஒருவர் ஜன்னலில் குனிந்து அவளைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. வெயிலில் நின்று களைத்த முகம்.

"எந்த ஊரும்மா?"

"மலை."

"உங்களுக்கு இன்னா, தனி கோட்டா. நாங்கதான் நடு ரோட்டுல கெடக்குறோம்."

பச்சமுத்து ஏதோ நகைச்சுவை சொல்லி வழி வாங்கினார். நர்மதா கையை முந்தானைக்குள் முறுக்கி வைத்திருந்தாள். அவர்கள் கேட்பது நியாயமா இல்லையா என்று அவள் யோசிக்கவில்லை. அவளுக்கு வேறு ஒன்று எரிந்தது. அவர்களுக்கு மறிப்பதற்குச் சாலை இருக்கிறது. கூரைப்பாறைக்குச் சாலையே கிடையாது. பிரசவ வலியில் அம்மாவை டோலியில் கட்டித் தூக்கிப்போன பாறைகள்தான் உண்டு. பாறையில் போய்க் குறுக்கே படுத்தால் யாருக்கு என்ன நின்றுவிடும்? ஓர் ஊர் காத்திருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் காத்திருப்பது. பள்ளிக்கூடத்துக்கு, கரண்டுக்கு, ஒரு தாளுக்கு. அம்மா காத்திருந்தபடியே செத்தாள். அப்போதும் ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வெளிச்சம் குறைந்தது. மதியம்தான். ஆனால் பனி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது, துடைக்கத் துடைக்க அப்பிக்கொண்டது. ஈர மண்ணும் அழுகின கடுக்காயும் கலந்த வாசனை, பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த வாசனை, இன்று மூக்கில் ஏறி அடித்தொண்டையில் புளித்தது. பச்சமுத்து பேச்சை நிறுத்திவிட்டார். இன்ஜினுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்பதுபோல் இருந்தது. எதையோ எதன்மேலோ வைத்துத் தேய்ப்பதுபோல. அவள் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். வாய் இறுக மூடியிருந்தது. அசையவில்லை.

"பிரேக்கு சத்தமாங்க அண்ணே?"

"எந்தச் சத்தம்?" என்றார் அவர்.

மலை ஆபீஸ் என்பது செல்லியம்மாளின் வீட்டை ஒட்டின ஓர் ஓட்டு அறை. செல்லியம்மாள் அதை வாடகைக்கு விட்டிருந்தாள். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் நர்மதாவைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். அந்தப் பக்கம் எல்லாருமே அவளுக்கு ஏதோ ஒரு முறையில் சொந்தம். நர்மதாவுக்கு அத்தை.

"வாடி. இன்னா இளைச்சிட்ட? கீழ சோறு கம்மியாத்தான் போடறானுங்களா?"

"கரண்டு ஃபீஸ் கட்டை எங்க அத்தே? ஒரு வேலை இருக்குது. போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன்."

செல்லியம்மாள் உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த ஃபீஸ் கட்டையையும் சாவியையும் எடுத்துவந்தாள். ஆனால் கையில் கொடுக்கவில்லை.

"உள்ள போவாத. நீங்கல்லாம் கீழ எறங்கினதுலருந்து ஒரே சத்தம்."

"இன்னா சத்தம்?"

"பல்லு. யாரோ பல்லைக் கடிக்கிறாப்பல."

"எலியா இருக்கும் அத்தே. ஒயரைக் கடிச்சித் தொலையப் போவுது."

"நானும் எலின்னுதான் நெனைச்சேன்." செல்லியம்மாள் சாவியை நீட்டினாள். "எலிக்கு இன்னாடி அவ்ளோ கோவம்?"

கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது. அவள் அதைக் கேட்டிருக்கவே இல்லை. நின்றபோதுதான் இவ்வளவு நேரம் இருந்தது தெரிந்தது.

உள்ளே பனியின் சாம்பல் வெளிச்சம். ஓட்டுச் சந்துகளில் அது நூல்நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட கணினிகள் முக்காடிட்ட பெண்களைப்போல் வரிசையாக இருந்தன. சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்திருந்தது. பூட்டிக் கிடந்த அறைக்கு வரவேண்டிய பூஞ்சை நாற்றம் வரவில்லை. மனித வாசனை வந்தது. வேப்பெண்ணெய் கலந்த தலையெண்ணெய், ஈரம் காயாத புடவை, கொஞ்சம் வியர்வை. யார் இப்படி மணப்பார்கள் என்று யோசித்தாள். பிறகு யோசிப்பதை விட்டாள். அது அவளுடைய வாசனை.

ஓரத்துக் கணினிதான் அவளுடையது. அதற்கு மட்டும் உறை இல்லை.

ஃபீஸ் கட்டையைச் செருகினாள். மேலே குழல்விளக்கு துடித்துத் துடித்து எரிந்தது. இன்டர்நெட் பெட்டியில் சிறு பச்சைப் புள்ளிகள் கண் திறந்தன. அவள் நின்றபடியே கணினியின் பொத்தானை அழுத்தினாள். நாற்காலியில் உட்கார அவளுக்கு விருப்பம் இல்லை. ஆனால் திரை தாழ்வாக இருந்தது, எழுத்து சிறிதாக இருந்தது, ரகசியச் சொல்லைத் தட்டக் குனிந்தபோது முதுகு வலித்தது.

உட்கார்ந்தாள்.

நாற்காலி சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு.

எழ நினைத்தாள். அதற்குள் திரையில் எழுத்துகள் வரத் தொடங்கின.

'முந்தைய இணைப்பு அறுந்துவிட்டது. நர்மதா இல்லை என்று சர்வருக்குத் தெரிவிக்கப்படுகிறது.'

சிறிது நேரம் ஒன்றும் இல்லை. மின்விசிறி இல்லாத அறையில் காதோரம் ஒரு காற்று.

'நர்மதாவின் பூட்டுகள் அனைத்தும் விடுவிக்கப்பட்டன.'

அவ்வளவுதான். வேலை முடிந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. கைபேசியை எடுத்தாள். இனி கீழே யாராவது அவள் இடத்தில் உட்கார்ந்து கோப்பைத் திறக்கலாம், கண்ணகியே கூடத் திறக்கலாம். சிவசங்கரின் எண்ணை அழுத்தினாள். உடனே எடுத்தார்.

"சார், வுட்டுடுச்சு! கூரைப்பாறையைத் தெறக்கச் சொல்லுங்க சார்."

"ஹலோ?"

"சார், நர்மதா பேசறேன்."

"ஹலோ, யாருங்க?" அவர் வாயைக் கைபேசியிலிருந்து விலக்கிக் கத்தினார். "நர்மதா, உன் ஊரு ஏறுதா?"

தூரத்தில், கூடத்தின் தட்டல்களுக்கு நடுவே, ஒரு பெண் குரல் சொன்னது: "ஏறுதுங்க சார். மடமடன்னு போவுது."

பிறகு ஒரு சிரிப்பு. சின்னதாக, பணிவாக.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அதை வெளியிலிருந்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"சார், அது யாரு? அது நான் இல்ல. நான் மலைமேல இருக்குறேன். சார்!"

"இன்னா எழவு சத்தம் இது, நரநரன்னு" என்றார் சிவசங்கர். வைத்துவிட்டார்.

கண்ணகிக்கு அழைத்தாள். மணி அடித்தது. அடித்தது. எடுத்தாள்.

"கண்ணகி, நான் சொல்றதைக் கேளு. அங்க உக்காந்திருக்கறவ பக்கத்துல போவாத. அது அக்கா இல்ல. கேக்குதா? அக்கா இல்ல."

கண்ணகி மூச்சு விடுவது கேட்டது.

"அக்கா" என்றாள். நர்மதாவிடம் இல்லை. பக்கத்தில் இருப்பவளிடம். "உன் போன்லருந்தே போன் வருது பாரேன். மேல மறந்து வெச்சிட்டு வந்துட்டியா? யாரோ எடுத்துக்கினு பேசாம இருக்காங்க. பல்லைக் கடிக்கிற சத்தம்தான் கேக்குது. த்தூ."

"யாராச்சும் வெளையாடுவாங்க. வெச்சிடு" என்றது அவளுடைய குரல், அன்பாக. "உன் பேரு ஏறிடுச்சு பாரு. இந்தா, கடைசி வரி."

கண்ணகி கத்தினாள். சந்தோஷத்தில். சின்னப் பிள்ளையில் மாங்காய் விழுந்ததற்குக் கத்துவாளே, அதேபோல. "அக்கா! அக்கா! நாளைக்கே சேலம் போவலாமாக்கா?"

"போவலாம்டி."

இணைப்பு போயிற்று.

நர்மதா திரையைப் பார்த்தாள். கூரைப்பாறைக் கோப்பு அங்கே திறந்திருந்தது. வரி வரியாக அது தானே நிரம்பிக்கொண்டு போனது. ஒரு பிழை இல்லை. பெயர், வயது, குடும்பம். கண்ணகியின் பெயர் சரியாக இருந்தது. அதற்கு மேல் வரியில் அக்கா என்று அவள் பெயரும் இருந்தது, உயிரோடு. எல்லாம் அவள் கேட்டபடியே. கேட்டது கிடைத்துவிட்டது. அவளுக்குத்தான் கிடைக்கவில்லை. கோபப்படத் தெரியாத ஒருத்திக்குக் கிடைத்தது. யாரையும் தொந்தரவு செய்யாதவளுக்கு. ஆடு என்றால் சிரிக்கிறவளுக்கு. கீழே இருப்பவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒருத்தி மட்டும்தான்; மிச்சத்தை மலையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

கோபம் வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. கத்த வாயைத் திறந்தாள்.

வாய் திறக்கவில்லை.

பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்ந்து அரைக்கத் தொடங்கின. அந்தச் சத்தம் அறையை நிறைத்தது.

எழு. எழுந்திரு. கால் கேட்கவில்லை. கை தட்டுப்பலகைமேல் கிடந்தது. விரலை அசைத்தாள். அசையவில்லை. மறுபடி. இல்லை.

திரையின் நடுவில் பெட்டி வந்தது.

'இந்தக் கோப்பை நர்மதா திறந்து வைத்திருக்கிறார். அவர் விடும்வரை காத்திருக்கவும்.'

வெளியே, பனிக்கு அப்பால், பச்சமுத்துவின் வண்டி ஹாரன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மரவள்ளி பாரத்தோடு அது முனகி, வளைவில் இறங்கி, இல்லாமல் போனது.

கதவருகே காலடி.

அத்தே.

செல்லியம்மாள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். கண் வரிசையாக வந்தது. உறை போட்ட ஒரு கணினி. அடுத்தது. அடுத்தது. ஓரத்து நாற்காலிக்கு வந்து, நர்மதாவின் முகத்துக்கு நேராக நின்றது.

இங்கே. அத்தே, இங்கே.

"சொல்லாம கொள்ளாமப் போயிட்டா பாரு" என்றாள் செல்லியம்மாள். "லைட்டைக்கூட அமத்தல."

ஃபீஸ் கட்டையைப் பிடுங்கினாள். குழல்விளக்கு செத்தது. பச்சைப் புள்ளிகள் செத்தன. பல்லின் சத்தம் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு கதவை இழுத்தாள். சாவி திரும்பியது.

திரை அணையவில்லை.

கரண்டு இல்லாத அறையில் அது எரிந்தது. அந்த வெளிச்சத்துக்கு ஓட்டுச் சந்திலிருந்து ஒரு விட்டில் இறங்கி வந்தது. கண்ணாடியில் மோதியது. வழுக்கியது. சுற்றிப் பறந்து, நர்மதாவின் திறந்த கண்மேல் உட்கார்ந்தது. ஈரம். சின்னச் சின்னக் கால்கள். கண்மணியின் நடுவுக்கு நடந்து, அங்கே சிறகை மெதுவாக விரித்து வைத்துக்கொண்டது.

அவளால் கண்ணை மூட முடியவில்லை.